உடலற்ற கல்லறையும் மண்ணின் புனிதமும்: தொடக்கக் கிறித்தவ அடக்க மரபில் மயிலாப்பூர்த் தோமா கல்லறை

ஆய்வுச் சுருக்கம்

இறந்தோரை எரிக்காது புதைத்தல், புதைத்த இடத்தைக் காத்தல், ஆண்டுதோறும் அங்கே கூடி நினைவுகூர்தல் ஆகியவை தொடக்கக் கிறித்தவத்தின் அடையாளங்களாக வளர்ந்தன. இம்மரபு தமிழகத்தோடு தொடர்புறும் முதன்மையான இடம் மயிலாப்பூரில் உள்ள திருத்தூதர் தோமாவின் கல்லறையாகும். இக்கல்லறையிலிருந்து எலும்புகள் மிகப் பழங்காலத்திலேயே மேற்கே கொண்டுசெல்லப்பட்டன என்று கிறித்தவ இலக்கியங்களே கூறுகின்றன. அவ்வாறிருந்தும் அவ்விடம் வழிபாட்டிடமாக நீடித்ததற்கான காரணத்தை இக்கட்டுரை தொடக்கக் கிறித்தவ அடக்க நம்பிக்கைகளின் வழி விளக்குகிறது. கல்லறையின் காலத்தை நிறுவ முன்வைக்கப்படும் அரிக்கமேட்டுச் செங்கல் சான்றின் வலிமையையும் எல்லையையும் ஆராய்கிறது. தமிழ் ஈமமரபோடு இதனை ஒப்பிடுகையில் கொள்ளவேண்டிய எச்சரிக்கையையும் சுட்டுகிறது.

குறிச்சொற்கள்: கல்லறை, திருப்பண்டம், மறைச்சாட்சி, மயிலாப்பூர், அரிக்கமேடு, ஈமத்தாழி, பள்ளிப்படை.

முன்னுரை

புதுச்சேரியிலிருந்து விழுப்புரம் செல்லும் சாலையில் அமைந்த திருவாண்டார்கோயில், தேவாரத்தில் வடுகூர் எனப் பாடப்பெற்ற பழம்பதி. இவ்வூரை உள்ளடக்கிய புதுச்சேரி ஊரகப் பகுதி, இறந்தோரை நினைவுகூரும் மரபுகள் பல அடுக்குகளாகப் படிந்துள்ள நிலப்பரப்பாகும். இப்பகுதியின் சுத்துக்கேணியிலும் முத்திரப்பாளையத்திலும் பெருங்கற்கால மரபைச் சேர்ந்த ஈமக்காடுகளைப் பிரெஞ்சு அறிஞர் ஜான் மரி கசால் அகழ்ந்து, அதன் முடிவுகளை 1956இல் நூலாக வெளியிட்டார். வில்லியனூர் போன்ற ஊர்களின் கிறித்தவக் கல்லறைத் தோட்டங்களில் ஆண்டுதோறும் நவம்பர் 2ஆம் நாள் கல்லறைகளைத் தூய்மைசெய்து, மலரிட்டு, மெழுகுவத்தி ஏற்றிக் கல்லறைத் திருநாள் கொண்டாடப்படுகிறது.

ஈமத்தாழியும் மெழுகுவத்தி எரியும் கல்லறையும் ஒரே நிலத்தில் அமைந்திருத்தலால் அவை ஒரே மரபின் தொடர்ச்சி எனக் கொள்ள இயலுமா என்னும் வினா இயல்பாக எழுகிறது. இதற்கு விடை காண, கிறித்தவர் இறந்தோரை ஏன் புதைத்தனர், புதைத்த இடத்தை எவ்வாறு கருதினர் என்பதை முதலில் அறிதல் வேண்டும். அந்நம்பிக்கை தமிழ் மண்ணில் நிலைகொண்ட மயிலாப்பூர்க் கல்லறையே இவ்வாய்வுக்குரிய களமாகிறது.

தொடக்கக் கிறித்தவர் அடக்கமுறை

கிறித்தவ அடக்கமுறையின் வேர் யூத மரபில் உள்ளது. இயேசு வாழ்ந்த காலத்தில் எருசலேமைச் சூழ்ந்த பாறைகளில் குடைந்த குடும்பக் கல்லறைகள் வழக்கில் இருந்தன. உடலைத் துணியில் சுற்றிக் கல்லறைக்குள் கிடத்துவர். ஓராண்டு அளவில் தசை அழிந்தபின் எலும்புகளைத் திரட்டிக் கற்பேழையில் இடும் இரண்டாம் நிலை அடக்கமும் நிகழ்ந்தது. கி.பி. 70இல் எருசலேம் அழிவுற்றபின் இவ்வழக்கம் அந்நகரில் பெரிதும் அருகியது. தமிழில் வழங்கும் ‘கல்லறை’ என்னும் சொல்லின் நேர்ப்பொருள் கல்லால் ஆன அறை என்பதே. வெறும் மண்குழியையும் இன்று அப்பெயரால் அழைத்தாலும், அச்சொல் பாறைக் கல்லறையின் உருவைத் தன்னுள் தாங்கியே நிற்கிறது.

உரோமைப் பேரரசில் கி.பி. முதல் நூற்றாண்டில் எரித்தலே பெருவழக்கு. இரண்டாம் நூற்றாண்டில் புதைக்கும் வழக்கம் பொதுமக்களிடையே பரவியது. இம்மாற்றத்தைக் கிறித்தவத்தின் விளைவு மட்டுமே எனக் கூறுதல் பொருந்தாது; கிறித்தவரல்லாதாரும் அக்காலத்தில் புதைத்தலை மேற்கொண்டனர். எனினும் கிறித்தவர் அதற்குத் தனிப்பொருள் கற்பித்தனர். பவுலின் மடல்கள் இறந்தோரைத் துயில்கொள்வோர் என்றும், உடலை மண்ணில் விதைக்கப்பட்ட வித்து என்றும் குறிக்கின்றன. புதைகாட்டைக் குறிக்கக் கிறித்தவர் கையாண்ட ‘கொய்மெத்தேரியோன்’ என்னும் கிரேக்கச் சொல் துயிலிடம் எனப் பொருள்படும். தமிழ்க் கிறித்தவர் இறப்பை ‘நித்திரையடைந்தார்’ எனக் குறிப்பதும் இச்சிந்தனையின் வழிவந்ததே. இலங்கைத் தமிழ்க் கிறித்தவர் புதைகாட்டைச் ‘சேமக்காலை’ என்பர். பாதுகாத்து வைத்தல் என்னும் பொருள் அச்சொல்லில் தொனிக்கிறது.

எரித்தால் உயிர்ப்பு தடைப்படும் என்று கிறித்தவ அறிஞர் கருதவில்லை. மினூசியுஸ் பெலிக்ஸ் இயற்றிய ‘ஒக்தாவியுஸ்’ என்னும் உரையாடல் நூல், எவ்வகை அடக்கத்தாலும் இழப்பு நேரும் எனத் தாம் அஞ்சவில்லை என்றும், பழைய வழக்கமும் சிறந்த வழக்கமும் ஆதலால் புதைத்தலைக் கைக்கொள்வதாகவும் விளக்குகிறது. ஆயினும் எதிரிகள் அவ்வாறு எண்ணினர். கி.பி. 177இல் இலியோன் நகரில் கொல்லப்பட்ட கிறித்தவரின் உடல்களை எரித்துச் சாம்பலை ரோன் ஆற்றில் கரைத்தமையையும், உயிர்த்தெழும் நம்பிக்கையை முறியடிப்பதே அச்செயலின் நோக்கமாக இருந்தமையையும் யூசேபியுஸ் காத்துத் தந்த மடல் தெரிவிக்கிறது.

புதைத்தலோடு இணைந்த மற்றொரு கூறு ஏழையின் அடக்கம். சபையின் பொதுநிதி ஏழைகளை உண்பிக்கவும் அடக்கம் செய்யவும் செலவிடப்பட்டதாகத் தெர்த்தூலியன் எழுதுகிறார். உரோமையின் கலிஸ்துஸ் சுரங்கக் கல்லறை சபையின் பொதுப் பொறுப்பில் நிருவகிக்கப்பட்டது. சுவரில் ஒன்றன்மேல் ஒன்றாகக் குடையப்பட்ட எளிய மாடங்களே அங்கு மிகுதி. கிறித்தவத்தை எதிர்த்த பேரரசன் யூலியனும், இறந்தோரின் அடக்கத்தில் அவர்கள் காட்டிய அக்கறையை அச்சமயம் பரவியதற்கான காரணங்களுள் ஒன்றாகச் சுட்டினான்.

மறைச்சாட்சியர் கல்லறையும் திருப்பண்டமும்

நம்பிக்கைக்காக உயிர்நீத்தோர் மறைச்சாட்சியர் எனப்பட்டனர். இவர்கள் அடங்கிய இடம் பிற புதைகுழிகளினின்று வேறுபட்டது. இரண்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சிமிர்னாவில் எரித்துக் கொல்லப்பட்ட பொலிக்கார்ப்பின் எலும்புகளைச் சபையார் திரட்டித் தக்க இடத்தில் வைத்து, அவர் இறந்த நாளைப் பிறந்தநாளாக அங்கே கூடிக் கொண்டாட எண்ணினர் என்பது அவர் இறப்பைக் கூறும் மடலால் அறியப்படுகிறது. நான்காம் நூற்றாண்டில் திருத்தந்தை தமாசுஸ் (கி.பி. 366-384) மறைச்சாட்சியர் கல்லறைகளைச் சீரமைத்து, அவற்றில் பாடற்கல்வெட்டுகளைப் பொறித்தார்.

உரோமைச் சட்டம் நகர எல்லைக்குள் பிணம் புதைத்தலைத் தடைசெய்திருந்தது. கல்லறைகள் ஊருக்கு வெளியே இருந்தன. அவற்றின் மீது ஆலயங்கள் எழுந்தன. வழிபடுவோர் ஊரை விட்டுக் கல்லறைக்குச் சென்றனர். காலப்போக்கில் எலும்புகளே திருப்பண்டங்களாக ஊருக்குள் கொண்டுவரப்பட்டன. இறந்தோரின் உடலைத் தீட்டாகக் கருதிய உலகில் இது பெரும் மாற்றமாகும். புனிதர் அருகே புதைக்கப்படல் நன்மை பயக்குமா என்னும் வினாவை நோலா நகர்ப் பவுலினுஸ் எழுப்ப, அகுஸ்தீன் அதற்கு விடையாகத் தனிநூல் எழுதினார். அடக்கச் சடங்குகள் இறந்தோர்க்கு உதவுவதினும் வாழ்வோர்க்கு ஆறுதல் அளிப்பனவே என்றும், இடம் தன்னளவில் பயன் தராது, அவ்விடம் தூண்டும் வேண்டுதலே பயன் தரும் என்றும் அவர் விளக்கினார்.

இவ்வாறு, உயிர்ப்புக்குக் காத்திருக்கும் உடல், கூடுவதற்குரிய நினைவிடம், பிரித்தெடுத்துக் கொண்டுசெல்லத்தக்க திருப்பண்டம் என்னும் மூன்று கருத்துகள் கல்லறையைச் சூழ்ந்து வளர்ந்தன. மயிலாப்பூர்க் கல்லறையின் வரலாறு இம்மூன்றுக்கும் இடையிலான உறவைப் புலப்படுத்துகிறது.

தோமா பணிகள் காட்டும் கல்லறை

கி.பி. மூன்றாம் நூற்றாண்டில் எடெசா வட்டாரத்தில் சிரிய மொழியில் தோன்றியதாகக் கருதப்படும் ‘தோமா பணிகள்’ என்னும் நூலே தோமாவின் இறப்பையும் அடக்கத்தையும் விரித்துக் கூறும் மிகப் பழைய இலக்கியம். மஸ்தாய் என்னும் மன்னனின் ஆணையால் தோமா ஒரு மலையில் வீரர் நால்வரால் ஈட்டியால் குத்திக் கொல்லப்படுகிறார். சீடர் அவ்வுடலை உயர்ந்த துணிகளில் சுற்றிப் பண்டை மன்னர்களின் கல்லறையில் வைக்கின்றனர். அங்கே காத்திருக்கும் சீடர்க்குத் தோமா தோன்றித் தாம் அங்கில்லை என உணர்த்துகிறார். இப்பகுதி இயேசுவின் வெறுங்கல்லறை நிகழ்வை நினைவூட்டும் வகையில் அமைந்துள்ளது.

நூலின் இறுதி நிகழ்வு இவ்வாய்வுக்கு இன்றியமையாதது. பல காலம் கழிந்தபின் மன்னனின் மகன் நோயுறுகிறான். தோமாவின் எலும்பொன்றை எடுத்து மகன்மீது கட்டக் கருதி மன்னன் கல்லறையைத் திறக்கிறான். எலும்புகள் அங்கில்லை, சீடருள் ஒருவர் அவற்றை மறைவாக மேற்கே கொண்டுசென்றுவிட்டார். மன்னன் எலும்புகள் கிடந்த இடத்து மண்ணை எடுத்து மகன்மீது இடுகிறான், மகன் நலமடைகிறான்.

இந்நூல் புனைவு மிகுந்தது. அது கல்லறை இருந்த ஊரை மயிலாப்பூர் எனக் குறிப்பிடவுமில்லை. பிற்காலக் கிரேக்க, இலத்தீன் குறிப்புகள் ‘கலமினா’ எனக் கூறும் ஊரின் இருப்பிடமும் உறுதிப்படவில்லை. ஆகவே இதனை நிகழ்வுப் பதிவாகக் கொள்ளுதல் இயலாது. ஆயினும் மூன்றாம் நூற்றாண்டுக் கிறித்தவர் ஒரு சிக்கலை எவ்வாறு எதிர்கொண்டனர் என்பதற்கு இது நேர்ச்சான்று. எலும்பு எடெசாவில் இருக்குமாயின் இந்தியக் கல்லறைக்கு என்ன மதிப்பு என்பதே அச்சிக்கல். உடல் நீங்கினும் உடல் தொட்ட மண்ணில் ஆற்றல் நிலைக்கும் என்பது அந்நூல் தரும் விடை.

எடெசாவும் மயிலாப்பூரும்

எலும்புகளின் பயணத்தை வேறு சான்றுகளும் உரைக்கின்றன. கி.பி. 373இல் மறைந்த எபிரேம் பெயரில் வழங்கும் சிரியப் பாடல்கள், வணிகர் ஒருவர் எலும்புகளை இந்தியாவிலிருந்து எடெசாவுக்குக் கொணர்ந்ததாகவும், தோமாவின் ஆற்றல் இரு நாடுகளிலும் விளங்குவதாகவும் கூறுகின்றன. நான்காம் நூற்றாண்டின் பிற்பகுதியில் திருப்பயணி எகேரியா எடெசாவில் தோமாவின் நினைவிடத்தைக் கண்டு வழிபட்டார். கி.பி. 394இல் அத்திருப்பண்டம் அந்நகரின் பேராலயத்துக்கு மாற்றப்பட்டதாக எடெசா நகர வரலாற்றுக் குறிப்பு தெரிவிக்கிறது. பின்னர் அது கியோஸ் தீவுக்கும், அங்கிருந்து 1258இல் இத்தாலியின் ஒர்த்தோனாவுக்கும் கொண்டுசெல்லப்பட்டதாக மரபு கூறும்.

ஆறாம் நூற்றாண்டில் வாழ்ந்த தூர் நகர்க் கிரகோரி, இந்தியாவுக்குச் சென்று வந்த தெயோதோர் என்பவர் சொல்லக் கேட்டதாக ஒரு குறிப்பைத் தருகிறார். தோமாவின் உடல் முதலில் கிடந்த இடத்தில் பெரிய ஆலயமும் துறவு மடமும் உள்ளன. அங்கு ஒரு விளக்கு இடையறாது எரிகிறது என்பது அக்குறிப்பின் சாரம். ‘முதலில் கிடந்த’ இடம் என அவர் குறிப்பது கருதத்தக்கது. உடல் அங்கில்லை என்பதை அறிந்தே அவ்விடம் போற்றப்பட்டது என்பது இதனால் புலனாகிறது.

கிரகோரி ஊரின் பெயரைத் தரவில்லை. மயிலாப்பூர்ப் பகுதியில் பழங்காலக் கிறித்தவர் இருந்தமைக்குக் கல்லில் அமைந்த சான்று, பரங்கிமலையில் 1547இல் வெளிப்பட்ட பகலவி எழுத்துப் பொறித்த சிலுவையாகும். போர்த்துகீசியர் வருகைக்குப் பல நூற்றாண்டுகள் முற்பட்ட இச்சிலுவை, பாரசீகத் திருச்சபையோடு தொடர்புடைய சமூகம் ஒன்று இங்கு வாழ்ந்ததை உணர்த்துகிறது.

மண்ணும் விளக்கும்

பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ, மாபார் நாட்டின் சிற்றூர் ஒன்றில் தோமாவின் உடல் உள்ளதென எழுதினார். வணிகர் மிகுதியாக நாடாத அவ்வூருக்குக் கிறித்தவரும் இசுலாமியரும் திருப்பயணம் வருவதாகவும், தோமா இறந்த இடத்துச் செம்மண்ணை எடுத்துச்சென்று நீரில் கலந்து காய்ச்சலுற்றோர்க்குக் கொடுப்பதாகவும் அவர் குறிப்பிடுகிறார். எலும்புகள் ஒர்த்தோனாவை அடைந்ததாக மரபு கூறும் ஆண்டுக்குப் பிந்தைய குறிப்பு இது. ஐரோப்பாவில் எலும்பும் சோழமண்டலக் கரையில் மண்ணும் ஒரே காலத்தில் ஒருவரின் இருப்பாகவே போற்றப்பட்டன. மூன்றாம் நூற்றாண்டு நூலில் மன்னன் மகனைக் குணப்படுத்திய மண்ணே ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் கழித்துக் காய்ச்சலுக்கு மருந்தாகிறது. நூல் வழக்கத்தைத் தோற்றுவித்ததா, இங்கிருந்த வழக்கம் நூலில் இடம்பெற்றதா என்பதை இச்சான்றுகளால் மட்டும் துணிய இயலாது. இரண்டும் ஒரே நம்பிக்கையைச் சார்ந்தவை என்பது தெளிவு.

ஏறத்தாழ அதே காலத்தில் பிரான்சிஸ்கு சபைத் துறவி மோந்தேகொர்வினோ யோவான், தோமாவின் ஆலயம் உள்ள நாட்டில் 13 மாதங்கள் தங்கினார். தம்முடன் வந்த பிஸ்தோயா நிக்கோலா அங்கு இறந்து அவ்வாலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார் என 1305ஆம் ஆண்டு மடலில் அவர் எழுதினார். புனிதர் அருகே அடக்கம் பெறும் மேலைக் கிறித்தவ வழக்கம் தமிழகக் கடற்கரையில் நிகழ்ந்தமைக்கு இது அரிய சான்றாகும்.

பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் துவார்த்தே பார்போசா கண்டெழுதியபோது ஆலயம் சிதைந்திருந்தது. ஏழை இசுலாமியர் ஒருவர் அதனைக் காத்து, இரந்து பெற்ற பொருளால் இரவில் விளக்கேற்றி வந்தார். கிரகோரி கேட்டறிந்த விளக்கும் பார்போசா குறித்த விளக்கும் ஒன்றே என நிறுவ இயலாது. ஆனால் காப்பாளரின் சமயம் எதுவாயினும் விளக்கேற்றும் கடமை கல்லறையைச் சார்ந்து நின்றது என்பதை மறுக்க இயலாது.

1523 அகழ்வும் அரிக்கமேட்டுச் செங்கலும்

1517இல் இவ்விடத்தை அடைந்த போர்த்துகீசியர் 1523இல் கல்லறையைத் தோண்டினர். எலும்புகள், ஈட்டிமுனை, மண் நிறைந்த கலம் ஆகியன கிடைத்ததாக அப்பணியில் ஈடுபட்டோர் பின்னர்ச் சாட்சியம் அளித்தனர். இலக்கியம் கூறிய ஈட்டியும் மண்ணும் அகழ்வில் ஒருங்கே கிடைத்தமை நம்பிக்கையாளர்க்கு உறுதியளித்தது. ஆய்வாளர் இங்கு நின்று சிந்தித்தல் வேண்டும். தோண்டியோர் தோமாவின் கதையை முன்பே அறிந்தவர்கள். தாம் தேடுவது யாதெனத் தெரிந்து தேடியவர்கள். மண்ணடுக்கு முறைப்படி பதிவுசெய்யும் அகழாய்வு நெறி அக்காலத்தில் இல்லை. எனவே அவர்தம் சாட்சியம் 16ஆம் நூற்றாண்டு நம்பிக்கையின் பதிவாக மதிப்புடையதே அன்றி, முதல் நூற்றாண்டு அடக்கத்தின் சான்றாக ஆகாது.

இருபதாம் நூற்றாண்டில் புதுச்சேரி இவ்விவாதத்துக்குள் வந்தது. 1945இல் மார்ட்டிமர் வீலர் அரிக்கமேட்டில் அகழாய்வு நடத்தி, இத்தாலிய அரெத்தைன் மட்கலங்களின் துணையால் அதன் உரோமை வணிகத் தொடர்பைக் காலவரையறை செய்தார். அதன்பின், மயிலாப்பூர்க் கல்லறையின் பழஞ்சுவரிலுள்ள செங்கற்கள் அரிக்கமேட்டுச் செங்கற்களை அளவில் ஒத்திருத்தலால் அக்கல்லறையும் முதல் நூற்றாண்டினதே என்னும் வாதம் எழுந்தது.

இவ்வாதத்தை மூன்று நிலைகளில் ஆராய்தல் தகும். முதலாவதாக, பெரிய அளவிலான செங்கற்கள் ஒரு நூற்றாண்டுக்கு மட்டும் உரியன அல்ல. தமிழகத்தின் தொடக்க வரலாற்றுக் காலம் முழுவதிலும் அவை வழங்கின. ஆகவே அளவொற்றுமை ஒரு நீண்ட காலப்பரப்பைச் சுட்டுமேயன்றிக் குறித்த ஆண்டைச் சுட்டாது. இரண்டாவதாக, பழஞ்செங்கற்களைப் பெயர்த்தெடுத்து மீண்டும் கட்டுதல் எக்காலத்தும் உள்ள வழக்கம். செங்கல்லின் காலம் கட்டடத்தின் காலமாகாது. மூன்றாவதாக, அரிக்கமேட்டுச் செங்கற்களுக்குக் காலம் தருவது அவற்றின் அளவன்று; அவற்றோடு ஒரே மண்ணடுக்கில் கிடைத்த மட்கலங்களே. மயிலாப்பூர்ச் சுவருக்கு அத்தகைய அடுக்குச்சான்று இல்லை. 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி மேற்கொண்ட அகழாய்வுகள் அரிக்கமேட்டின் வாழ்வுக்காலம் வீலர் கருதியதினும் நீண்டது எனக் காட்டியபின், அவ்வூரோடு ஒப்பிட்டு முதல் நூற்றாண்டை உறுதிசெய்தல் மேலும் அரிதாயிற்று.

அரிக்கமேடு நிறுவுவது வேறொன்று. உரோமைப் பேரரசுக்கும் சோழமண்டலக் கரைக்கும் இடையே மக்களும் பொருள்களும் சென்றுவந்த வழி அக்காலத்தில் திறந்திருந்தது என்பதே அது. தோமா வந்திருத்தல் இயலும் என்பதற்கு அது துணைநிற்கும்; வந்தார் என்பதற்கு ஆகாது.

தமிழ் ஈமமரபோடு ஒப்பீடு

மணிமேகலையின் சக்கரவாளக் கோட்டம் உரைத்த காதை, சுடுதல், வாளா இடுதல், குழிதோண்டிப் புதைத்தல், தாழ்ந்த இடத்தில் அடைத்தல், தாழியால் கவித்தல் என ஐவகை ஈமமுறைகளைத் தொகுத்துரைக்கிறது. ஒரே புறங்காட்டில் பல முறைகள் ஒருங்கே நிலவிய சூழலை இது காட்டுகிறது. தமிழகத்து ஈமத்தாழிகள் பலவற்றில் எலும்புகளின் ஒரு பகுதி மட்டும் காணப்படுவது இரண்டாம் நிலை அடக்கத்தைக் குறிப்பதாகும். எருசலேமின் எலும்புப் பேழைகளோடு இது வடிவில் ஒக்கும். ஆயினும் ஒத்த செயல் ஒத்த நம்பிக்கையைக் காட்டாது. தாழியோடு இடப்பட்ட கலங்களும் இரும்புக் கருவிகளும் அணிகளும் இறந்தோர்க்கு உரியன எனக் கருதப்பட்டவை. கிறித்தவக் கல்லறையோ பொதுவாகப் படைபொருள் குறைந்தது.

நெருங்கிய ஒப்புமை நடுகல்லில் உள்ளது. தொல்காப்பியம் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல் என நடுகல் நிலைகளை வகுக்கிறது. வன்முறையால் இறந்தோர் வழிபடப்படுதலும், உடல் இல்லாத இடமும் நினைவிடமாதலும் நடுகல்லுக்கும் மயிலாப்பூர்க் கல்லறைக்கும் பொதுவானவை. ஆனால் நடுகல்லில் ஆற்றல் கல்லில் நிறுத்தப்படுகிறது. தோமா கல்லறையில் உடல் தொட்ட மண்ணில் தங்குகிறது.

சொல்வழி ஒப்புமை ஒன்றும் சுட்டத்தக்கது. சோழர் காலத்தில் அரச குடும்பத்தார் நினைவாக எழுப்பப்பட்ட கோயில் ‘பள்ளிப்படை’ எனப்பட்டது. பட்டீச்சரத்தருகே உள்ள பஞ்சவன்மாதேவி பள்ளிப்படை இதற்கு எடுத்துக்காட்டு. ‘பள்ளி’ துயிலிடத்தையும் குறிக்கும். துயிலிடம் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லும் இத்தமிழ்ச்சொல்லும் தம்முள் தொடர்பற்றவை. இறப்பை உறக்கமாகக் காணும் உள்ளம் இரு பண்பாடுகளிலும் தனித்தனியே செயல்பட்டுள்ளது. கிறித்தவம் அவ்வுறக்கத்துக்கு விழிப்பு உண்டு என்றது. வேறுபாடு அங்கேதான் அமைகிறது.

கல்லறைத் தோட்டமும் சமத்துவமும்

ஏழையையும் செல்வரையும் ஒரே நம்பிக்கையோடு அடக்கிய தொடக்கத் திருச்சபையின் நடைமுறை, தமிழ்க் கிறித்தவச் சமூகத்தை நோக்கி ஒரு வினாவை எழுப்புகிறது. புதுச்சேரி ஆலயத்துக்குள் சாதிப்பிரிவைக் காட்டிய சுவருக்கு ஒடுக்கப்பட்ட கிறித்தவர் எதிர்ப்புத் தெரிவித்த நிகழ்வை ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு 1745ஆம் ஆண்டில் பதிவுசெய்கிறது. வழிபாட்டிடத்தில் தோன்றிய பிரிவு தமிழகத்தின் கல்லறைத் தோட்டங்கள் சிலவற்றிலும் தொடர்ந்துள்ளது. இறந்தபின்னும் அகலாத இப்பிரிவு உள்ளூர்ச் சமூக அமைப்பின் விளைவேயன்றி அடக்க இறையியலின் விளைவன்று. எல்லோரும் ஒருங்கே விழித்தெழுவர் என்னும் நம்பிக்கைக்கும், இருவேறு பகுதிகளில் துயில்கொள்ளும் நடைமுறைக்கும் இடையிலான முரண் தனித்த கள ஆய்வுக்குரியது.

முடிவுரை

தொடக்கக் கிறித்தவம் இறந்தோரைப் புதைத்தது உடல் அழியாதிருத்தற்காக அன்று; அது விழித்தெழும் எனக் கருதியதற்காக. மறைச்சாட்சியர் வழிபாடு அந்நம்பிக்கையைக் குறிப்பிட்ட இடங்களோடு பிணைத்தது. திருப்பண்ட வழக்கம் அப்பிணைப்பை இடத்திலிருந்து விடுவித்து எலும்போடு இணைத்தது. மயிலாப்பூரில் இவ்விரண்டும் மோதியபோது மண் அவற்றை இணக்கியது.

ஆகவே மயிலாப்பூர்க் கல்லறையைப் பற்றி எழுப்பப்படும் இரு வினாக்களை வேறுபடுத்துதல் வேண்டும். அங்கு அடக்கம் செய்யப்பட்டவர் யார் என்பது தொல்லியல் வினா. செங்கல் அளவால் மட்டும் அதற்கு விடை கிட்டாது. அங்கு உடல் இல்லை எனக் கூறிய மரபே அவ்விடத்தை ஏன் கைவிடவில்லை என்பது சமய வரலாற்று வினா. அதற்கு இலக்கியங்களும் பயணக் குறிப்புகளும் தெளிவான விடை தருகின்றன. முதல் வினாவின் விடையின்மை இரண்டாவதன் மதிப்பைக் குறைப்பதில்லை. சுத்துக்கேணித் தாழியையும் வில்லியனூர்க் கல்லறையையும் ஒரே கோட்டில் நிறுத்த விழையும் ஆய்வாளர், வடிவ ஒற்றுமையைக் காணுமுன் ஒவ்வொரு சமூகமும் தன் இறந்தோரிடம் எதை எதிர்பார்த்தது எனக் கேட்டல் வேண்டும். அவ்வினாவே ஈமமரபுகளை வேறுபடுத்தும் உறுதியான அளவுகோலாகும்.